காற்று நின்ற நேரத்து மணி

முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்தால் கை அதுபாட்டுக்கு வேலை செய்யும், மனசு அதுபாட்டுக்குப் போகும், மனசு போகக்கூடாது என்றுதான் இன்றைக்குச் செபமாலையைக் கையில் பிடித்தாள், ஆனால் இரண்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்வதற்குள் வாய் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, மாதாவிடம் இப்படிப் பொய்யாகப் பேசுவதற்குப் பேசாமல் கீரையையே உருவலாம் என்று சலேத்தம்மாள் முறத்தை இழுத்துக்கொண்டாள். "இன்னைக்குப் போய் எதுக்கு அத்தை கீரை, ரசம் வெச்சா போதாதா" என்று மருமகள் ரெஜினா கேட்டாள், கேட்டுவிட்டு அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, டிவி சத்தத்தை அடக்கிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். சத்தம் இல்லாத டிவியில் அந்தப் புயல் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைவெளேரென்று, பஞ்சுமிட்டாய்க்காரன் குச்சியில் சுற்றுகிற மாதிரி, நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டு கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கரையில் அந்த இடத்துக்கு அவர்கள் பெயர் எதுவும் போடவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும், கோடு உள்ளே வளைந்து மறுபடி வெளியே துருத்துகிற இடம், அங்கேதான் சூசையப்பர்குப்பம், அங்கேதான் சின்னவன் இன்னாசி. அம்மா கண்ணுக்குச் சின்னவன். ஊருக்குக் கோயில்பிள்ளை. அவனுடைய அப்பா பார்த்த வேலை. பூசைக்கு எடுத்து வைப்பதும், பீடத்துக்குப் பூப் போடுவதும், மணி அடிப்பதும். மணி அடிப்பதும். கை ஒரு காம்பில் நின்றது. பிறகு உருவியது.

அந்தப் புயலுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், மெத்தென்ற பெயர், பூப்பெயர் மாதிரி. "யாருடா இதுக்கு ஞானஸ்நானம் குடுத்தது, ஞானத்தகப்பன் யாரு" என்று மூத்தவனிடம் போனில் கேட்டாள் முந்தாநாள், அவன் சிரித்துவிட்டு, "நாடுங்க எல்லாம் முறை போட்டுக்கிட்டு வைக்கிறாங்கம்மா" என்றான். மூத்தவன் இருதயராஜுக்கு வானிலை ஆபீசில் ரேடார் அறையில் வேலை, மூன்று நாளாய் வீட்டுக்கு வரவில்லை, சட்டை கொண்டுபோய்க் கொடுத்தது ரெஜினாதான். நாம ஒரு கதிரை அனுப்புறோம்மா, அது போய் மழைத்துளி மேல பட்டுத் திரும்பி வரும், வந்ததை வெச்சு எங்க எவ்வளவு மழைன்னு படம் வரையும், அவ்வளவுதான் ரேடார் என்று ஒருதரம் சொல்லியிருக்கிறான். அவளுக்கு அது செபம் மாதிரி இருந்தது. போகிறது, பட்டால் திரும்பி வருகிறது. அப்போ நடுவில் இந்தக் கறுப்பு? அங்க மழை இல்லம்மா, படறதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால திரும்பி வராது. திரும்பி வராது. விடியற்காலையிலிருந்து இன்னாசிக்குப் போன் போட்டபடி இருக்கிறாள், அதுவும் போகிறது, திரும்பி வரவில்லை. முன்பு ஒருநாள் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, மேலே கண்ணாடி மூடி போட்ட மெஷின், அதைச் சுற்றவிட்டு இருதயம் அவளுக்குக் காட்டினான், பாரும்மா, வேகமா சுத்தும்போது நடுவுல குழி விழுது பாரு, அதுதான் கண், அந்தக் குழியைச் சுத்தி நிக்குற தண்ணிச் சுவர் இருக்குல்ல, அதுதான் இருக்கறதுலேயே கொடுமை, அதுக்கு வெளிய கை கையா மழை வரும், விட்டு விட்டு வரும், அது சும்மா. ரெஜினாவின் பச்சைச் சுடிதார் சுவரோடு சுவராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கண் என்றுதான் சொல்ல வேண்டுமா அதை. ஞானோபதேச வகுப்புச் சுவரில் முக்கோணத்துக்குள் ஒரு கண் வரைந்திருக்கும், சேசுவே, சின்ன வயசில் அதற்கு நேரே உட்கார மாட்டாள், இமை இல்லாத கண், தூங்காத கண், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று சிஸ்டர் சொல்லுவார்கள். பார்த்துக்கொண்டு என்ன செய்யும் என்று கேட்க அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது, கேட்கப் பயமாக இருக்கிறது.

பிள்ளைகள் சின்னதாய் இருந்தபோது ஊரில் அடித்த அந்தப் புயல், அன்றைக்கும் காற்று வடக்கே இருந்துதான். வாடைதானே என்று ஆரம்பத்தில் நினைத்தார்கள், வாடைக்கு இவ்வளவு மூச்சு ஏது என்று பிறகு தோன்றியது, அதற்குள் கூரை ஓடு ஒவ்வொன்றாய் எழுந்து போக ஆரம்பித்துவிட்டது, விழுந்து உடையவில்லை, எழுந்து போனது, காக்காய்க் கூட்டம் மாதிரி. அவள் இருதயத்தை ஒரு பக்கமும் இன்னாசியை ஒரு பக்கமும் அணைத்துக்கொண்டு நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டியிருந்தாள். பிள்ளைகளின் அப்பா கோயிலில். சந்தியாகு கோயில்பிள்ளை, சற்பிரசாதப் பேழைக்குக் காவல் இருக்கணும் புள்ள என்று சொல்லிவிட்டுப் போனவர். காதுக்குள் வலி, அழுத்துகிற வலி, சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்புறம் நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது என்று சொல்ல முடியாது, யாரோ கதவைச் சாத்தின மாதிரி. வெயில் வந்தது. அதைத்தான் அவளால் இன்றுவரைக்கும் மன்னிக்க முடியவில்லை, வெயில் வந்தது. வீட்டுக்குக் கூரை இல்லை, மேலே நீலமாய் வானம், அதில் எங்கெங்கிருந்தோ அடித்துக்கொண்டு வரப்பட்ட கடல் பறவைகள் நூறு நூறாய்ச் சுற்றின, ஒன்றுகூடக் கத்தவில்லை, ஒன்று அவர்கள் அடுப்பு மேட்டில் வந்து உட்கார்ந்து சிறகைக்கூட மடக்காமல் அவளைப் பார்த்தது. அப்போதுதான் மணி. அந்த ஊர் வழக்கம் அது, எத்தனை தலைமுறையாகவோ, புயல் காற்று நின்றதும் கோயில்பிள்ளை மணி அடிக்க வேண்டும், நிதானமாக, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு. சூசையப்பருக்கு நன்றி. உயிரோடு இருக்கிறவர்கள் வெளியே வரலாம். தொம்... தொம்... ஊரே வெளியே வந்தது. கடற்கரைக்கு ஓடினார்கள், கட்டுமரம் கிடக்கிறதா, வலை கிடக்கிறதா என்று. அவளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள், இரண்டு எட்டு வைத்திருப்பாள், மணி மாறியது.

மாறியது. இங்கேதான் எப்போதும் வந்து சிக்கிக்கொள்கிறது, முறத்தில் கீரையோடு கீரையாக நூல் சிக்கின மாதிரி. நிதானமாய் அடித்துக்கொண்டிருந்த மணி திடீரென்று இடைவெளியே இல்லாமல் அடித்தது. அதற்கு ஊரில் ஓடியா மணி என்று பெயர். தீப் பிடித்தால், தோணி கவிழ்ந்தால் அப்படி அடிப்பார்கள், எங்கே இருந்தாலும் கோயிலுக்கு ஓடி வர வேண்டும். அவள் நினைக்கவில்லை, கால் நினைத்தது, பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு மறுபடி சுவருக்கும் குதிருக்கும் நடுவில் விழுந்தாள், விழுந்ததும் தெற்கே இருந்து காற்று அடித்தது. வடக்கே பார்த்துக் கட்டின முட்டெல்லாம் வீண், இதுவரைக்கும் காப்பாற்றிய சுவர் முதுகுக்குப் பின்னால் சும்மா நின்றது, எதிரே இருந்த தெற்குச் சுவர்தான் இப்போது அவர்கள் மேல் சாய வந்தது, குதிர் தாங்கியது. கரைக்குப் போனவர்களுக்குச் சுவரும் இல்லை குதிரும் இல்லை. அவரை மணிக்கூண்டுக்கு அடியில் எடுத்தார்கள். கூண்டு வடக்குப் பார்த்து விழுந்திருந்தது. கயிறு கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, அதை அறுத்துத்தான் கையை எடுத்தார்கள். சாவுக்கு வந்தவர்கள் நேரே பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, குழாயடியில் சொன்னார்கள். கோயில்பிள்ளை கூப்பிட்டாரு, எல்லாரும் போய்ச் சேர்ந்தாங்க. அவரு மணி அடிக்காம இருந்திருந்தா என் மவன் வீட்டுக்குள்ளதானேடி இருந்திருப்பான். லூர்து என்கிற அந்தப் பொம்பளை அதைச் சொல்லிவிட்டுச் சலேத்தம்மாளின் குடத்தையும் பிடித்துத் தூக்கிவிட்டாள், அதுதான் தாங்கவில்லை, திட்டிவிட்டுக் குடம் தூக்கிவிட்டது. சலேத்தம்மாள் சொல்லிப் பார்த்தாள், கடைசியில ஓடியா மணி அடிச்சாரு அக்கா, திரும்பி வரச் சொல்லித்தான் அடிச்சாரு, கூண்டு மேடையிலேர்ந்து அவருக்குத் தெரிஞ்சிருக்கும், தெக்கால கறுப்பாச் சுவரு மாதிரி ஏறி வந்ததைப் பார்த்துட்டுத்தான் அடிச்சாரு, நான் கேட்டேன். யாரும் கேட்கவில்லை. கரைக்கு ஓடினவர்களின் காதில் கடல்தான் இருந்தது. இருதயம்கூட, "எனக்கு நெனப்பு இல்லம்மா, நீ இழுத்ததுதான் நெனப்பு இருக்கு" என்கிறான். நான் கேட்டேன். ஒருத்தி கேட்டது ஊர் கேட்டது ஆகுமா.

புயல் முடிந்து இருதயம் பள்ளிக்கூடம் போகாமல் விழுந்த மரங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தான். யம்மா, பாதி தென்னை தெக்கால தலை வெச்சுப் படுத்திருக்கு, பாதி வடக்கால, வடக்கால கெடக்குறதெல்லாம் மேல, தெக்கால கெடக்குறது அடியில, முதல்ல விழுந்தது எது பாரு. அந்தோணியார் சிலை வைத்த கெபியின் கூரைத் தகரம் புளிய மரத்துக் கிளையில் துணி மாதிரி சுருட்டிக் கிடந்தது. பனை மட்டும் விழவில்லை, மட்டை எல்லாம் பறிபோய் மொட்டைத் தூணாக நின்றன, கல்லறைத் தோட்டம் முழுக்க. மரம் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்க்கிறது அன்றைக்குப் பிடித்த பழக்கம், இப்போது அதற்கே சம்பளம் கொடுக்கிறார்கள், எந்தக் கரையில் புயல் அடித்தாலும் மறுநாள் போய் எந்தக் கம்பம் எந்தப் பக்கம் வளைந்தது, எந்தத் தகரம் எவ்வளவு தூரம் போனது என்று பார்த்து, காற்று எவ்வளவு வேகம் அடித்தது என்று சொல்லுகிறான். அவனுக்கு அது காற்று. அவளுக்கு அது படுத்துக் கிடக்கிறவர்கள். ஒருநாள் கேட்டும் பார்த்தாள், மரத்தைப் பார்த்துக் காத்தைச் சொல்லிடறே, மணியைப் பார்த்து அடிச்சது யாருன்னு சொல்ல முடியுமா ராசா. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மணலிலிருந்து தோண்டி எடுத்த அதே மணியைத்தான் புது சிமெண்டுக் கூண்டில் மாட்டினார்கள். இன்னாசி அந்தக் கயிற்றைப் பிடிப்பேன் என்று நின்றபோது, வேண்டாம்டா என்று சொல்ல நினைத்தாள். அவர் பேரை அவன் திருப்பி எடுக்கப் பார்க்கிறான் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அண்ணனும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டார்கள், காத்து நின்னாலும் நான் சொல்றவரைக்கும் நன்றி மணி அடிக்காதே, சத்தியமா அடிக்க மாட்டேண்ணே. பேசி வைத்துக்கொண்டது போன் வேலை செய்யும் என்று நம்பி.

போன் அடித்தபோது கீரை மடியிலிருந்து கொட்டிவிட்டது. இருதயம். பின்னால் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். "யம்மா, கண்ணு நம்ம ஊருக்கு மேல வந்துடுச்சு. எனக்கு அவன் கெடைக்கலை. உனக்குக் கெடைச்சா அவன்கிட்ட சொல்லு, வெளிய போகாதே, எவனையும் விடாதேன்னு." "எவ்வளவு நேரம்டா?" "அரை மணி. அதுக்கும் கொறைச்சலாவும் இருக்கலாம், கண்ணு சுருங்கிக்கிட்டே வருது. தெக்குச் சுவரு வடக்குச் சுவரை விட மொரட்டுத்தனமா இருக்கும்மா." வைத்துவிட்டான். டிவியில் பொட்டு கரைமேல் ஏறியிருந்தது. இங்கே சென்னையில் ஜன்னல் கம்பியில் தூறல் சொட்டுகிறது, எதிர் வீட்டு மாடியில் யாரோ துணி எடுக்கிறார்கள். அங்கே இப்போது வெயில். அங்கே இப்போது பறவைகள். அவள் விரல் அந்த எண்ணை அழுத்தியது, போகிறது, திரும்பி வரவில்லை, மறுபடி அழுத்தியது, தாயே, ஒரு துளி இருக்கட்டும் அங்கே, பட்டுத் திரும்புவதற்கு ஒரே ஒரு துளி. அவள் கையிலேயே அது அடித்தது. அவள் போட்ட போன் இல்லை, இன்னாசி போட்டது.

"யம்மா." மூச்சு இரைத்தது. "டவர் இப்பதாம்மா கெடைச்சுது, காத்து நின்னு போச்சு, எல்லாரும் வெளிய போயிட்டாங்கம்மா." "நீ அடிச்சியா?" "அடிக்கலம்மா, சத்தியமா நான் தொடலை. கோயில்லயும் பள்ளிக்கூடத்துலயும்தான் இருந்தாங்க, வெயிலைப் பார்த்ததும் தானாப் போயிட்டாங்க, போட்டைப் பாக்கணும், ஆட்டைப் பாக்கணும்னு. நான் கத்திப் பார்த்துட்டேன், கரண்டு இல்ல, மைக் இல்ல. ரோக்கு மாமா என்னா சொல்றாரு தெரியுமா, ஒங்கப்பன் கூப்பிட்டுப் போனோம், நீ கூப்பிடாமலே போறோம், போடா மாப்ளேங்கிறாரு." யாரோ பின்னால் சிரித்தார்கள், வெயிலில் சிரிக்கிற சிரிப்பு. மணிதானே இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிய அதே நொடியில் அவனும் அதைச் சொன்னான். "மணி ஒண்ணுதாம்மா இருக்கு. ஆனா அடிச்சா என்னா நெனப்பாங்க, நன்றி மணின்னுட்டு உள்ள மிச்சம் இருக்கிற பொம்பளைங்க புள்ளைங்களும் கெளம்பிடுவாங்களே. அப்புறம் அப்பா பேரோட எம் பேரும்..." முடிக்கவில்லை. "இடைவெளி விடாம அடி" என்றாள். தன் குரலா அது என்று இருந்தது. "ஓடியா மணி அடி. ஒங்கப்பா கடைசியில அடிச்ச மாதிரி." அந்தப் பக்கம் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. "அப்பா அப்படி அடிச்சாருன்னு நீ ஒருத்திதானம்மா சொல்றே" என்றான் இன்னாசி, குற்றமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னான், அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுத அதே குரல். மணிக் கயிறு கோயில் முகப்பில் வெட்டவெளியில் தொங்குகிறது, பிடித்து அடிக்கிறவனுக்குச் சுவர் கிடையாது, அதுவும் அவளுக்குத் தெரியும். ஒருத்தி கேட்டது. அதன்மேல் மகனை நிறுத்தலாமா, சூசையப்பரே. "நான் கேட்டேன்டா" என்றாள். "அடி. தெக்கால முதல் மூச்சு வந்ததும் கயித்தை விட்டுட்டு உள்ள ஓடிடு. ஒங்கப்பா மாதிரி நிக்காதே. கையில சுத்திக்காதே. கையில மட்டும் சுத்திக்காதே ராசா."

போனைச் சட்டைப் பையில் போட்டிருப்பான். முதலில் துணி உரசுகிற சத்தம், பிறகு அது. எத்தனையோ வருஷம் கனவில் மட்டும் கேட்டது இப்போது ரெஜினா வீட்டு ஹாலில் கேட்டது, தொம்தொம்தொம்தொம் என்று, இடையில் மூச்சு இல்லாமல், அவன் மூச்சு மட்டும், ஹா ஹா என்று. ரெஜினா கரண்டியோடு வந்து நின்றாள். தூரத்தில் யாரோ, "டேய் யார்ரா அவன், ஓடியா மணியால்ல அடிக்கிறான்!" இன்னொருத்தன், "பைத்தியக்காரா, காத்துதான் நின்னு போச்சே!" ஒரு பொம்பளைக் குரல் ஒரு பிள்ளையின் பெயரை நீட்டி நீட்டிக் கூப்பிட்டது, காலடிகள், மணலில் ஓடினால் சத்தம் வராது, சிமெண்டில் ஏறியதும் வரும், வந்தது, இன்னும் வந்தது, நிறைய வந்தது, ரோக்கு மாமா கெட்ட வார்த்தையில் யாரையோ ஏசிக்கொண்டே வருகிறார், ஏசட்டும், நல்லா ஏசட்டும், ஏசிக்கிட்டே உள்ளே போகட்டும். போதும்டா, விட்டுடு, இப்போ விட்டுடு. அவள் கத்தினாளா மனசுக்குள்ளா, தெரியவில்லை. பெரிய மரத்தை யாரோ வேரோடு இழுத்து வருகிற மாதிரி ஒரு சத்தம் தூரத்தில் எழுந்தது. கதவு. தாழ்ப்பாள். பிள்ளைகள் அழுகிறார்கள், கும்பலாய், ஒரே இருட்டுக்குள் அழுகிற அழுகை. அவளுக்கு அதைவிட இனிமையான சத்தம் எது. "யம்மா," என்றான், "உள்ள வந்துட்டேன். சாத்திட்டோம்மா. வந்துட்டாங்கம்மா, எல்லாரும்தான்னு நெனைக்கிறேன், லூர்து பாட்டியக்கூட ரோக்கு மாமா தூக்கிட்டு வந்துட்டாரு." சேசுவே மாதாவே சூசையப்பரே. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், எப்போது உட்கார்ந்தாள். தான் கேட்டதன்மேல் மகனை நிறுத்தினாள், அது தாங்கியது, ஊர் பிழைத்தது. அவர்தான் அடித்தார், அன்றைக்கு அவர்தான் அடித்தார், இன்றைக்கு ஊருக்குத் தெரிந்திருக்கும். அப்போதுதான் கவனித்தாள், பிள்ளைகளின் அழுகைக்கும் காற்றின் ஊளைக்கும் பின்னால், மணி நிற்கவே இல்லை. தொம்தொம்தொம்தொம். "டேய், யாருடா அது? இன்னும் யாருடா வெளிய நின்னு அடிக்கிறா?" "யாரும் இல்லம்மா," என்றான் அவன். "நான் கயித்தை விட்டுட்டேன். காத்துதாம்மா அடிக்குது."

அத்தோடு லைன் போய்விட்டது. "என்ன சொன்னாரு அத்தை" என்று ரெஜினா தோளைப் பிடித்து உலுக்கினாள். "எல்லாரும் உள்ள இருக்காங்களாம்" என்றாள், அதைச் சொல்லும்போது அழுகை வந்தது, நல்ல அழுகைதான், ரெஜினாவும் அழுதாள், அழுதுகொண்டே புருஷனுக்குப் போன் போடப் போனாள். சலேத்தம்மாள் சிந்திக் கிடந்த கீரையை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி முறத்தில் போட்டாள். அன்றைக்குக் கேட்ட அதே அடி. வேகம் அதேதான், ஒரு இழைகூட வித்தியாசம் இல்லை, அவள் காது பொய் சொல்லாது, எத்தனை வருஷம் வைத்திருந்த காது. முதலில் நிதானமாக அடித்தார், அது அவர், காற்று இல்லாதபோது வேறு யார். பிறகு இடைவெளி இல்லாமல் அடித்தது. அதற்கும் இதற்கும் நடுவில், மாறிய அந்த ஒரு இடத்தில், தெற்கே திரும்பிப் பார்த்த ஒரு மனுஷன் இருந்தானா, இல்லை கயிற்றைச் சுற்றின கையோடு வெயிலைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டே இருந்தவனிடமிருந்து காற்று அதை வாங்கிக்கொண்டதா. கீரையில் ஒரு பூ கிடந்தது, வெள்ளைப் பூ, அதைத் தனியே எடுத்து வைத்தாள். செபமாலையை எடுத்து, விட்ட இடத்தில் விரலை வைத்தாள். இப்போது வாய் தனியாக ஓடவில்லை. வாயும் மனசும் சேர்ந்து ஒரே இடத்தில் நின்றுகொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஒரே ஒருதரம், காற்றுக்கு விடத் தெரியாத அந்த இடைவெளியை விட்டு அடிப்பாரா என்று கேட்டுக்கொண்டிருந்தன.